தமயந்தியின் நிறம்

செவ்வாய்க் கிரகத்தின் செம்மேடு குடியிருப்பில் பதினாறாம் நாள் காரியத்துக்கு எள்ளும் தண்ணீரும் வேண்டாம், ஊசி போதும். உடல் மூன்றாம் நாளே உரக்கிடங்குக்குப் போய்விடும். இறந்தவரின் படம், குரல், கடிதம் எல்லாமே பதினாறாம் நாள் மாலை ஆறு மணிக்குப் பொது நினைவகத்திலிருந்து அழிக்கப்படும். உயிரோடிருப்பவர்களுக்கே இடம் பற்றாத ஊரில் செத்தவர்களுக்கு எங்கே போவது? சுவரில் மாட்டலாம் என்றால், சுவரெல்லாம் மூச்சுக்காற்று தரும் பாசி. ஆகவே துணையை இழந்தவர் தன் முன்கையில் அந்த முகத்தை வண்ண மெய்ப்படமாகப் பச்சை குத்திக்கொள்வார். இறந்தவர் ஒருவருக்கு ஒரே படம். அது போனால் ஆளும் போன மாதிரிதான்.

தண்ணீர்க்குழாய்ப் பிரிவு மாசிலாமணி, மனைவி தமயந்தியின் பதினாறாம் நாளன்று பிற்பகல் மூன்று மணிக்கு மகள் நிறைமதியோடு பச்சை குத்தும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். எதிரே இரண்டு உலோகக் கைகளும் ஒரு பெண்குரலும் கொண்ட இயந்திரம். ஊரில் அதற்குப் பெயர் பச்சைக்காரி. ஊசியை எடுக்குமுன், இது வந்தவருக்குச் சரிப்படுமா என்று அது விசாரித்தாக வேண்டும், சட்டம் அப்படி.

"ஐயா, மெய்ப்படம் எல்லாருக்கும் ஒத்துவராது. கோட்டுப்படம்னா ஆயுசுக்கும் நிக்கும். இதுல கோடே கிடையாது, நிறத்தாலதான் முகம். நிறம் போனா முகமும் போயிடும். நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு? முப்பத்திரண்டு வருஷம் என்னோட குடும்பம் நடத்துனவ. பார்த்தா அவளே பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கணும்." சொல்லும்போதே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுஷர் அழுதது பொய்யில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அம்மாவோட படம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பார்த்தேன். எல்லாமே மெருகி வழியா எடுத்தது. அசல் நிறம் எதுலயும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு."

மெருகி என்பது கேமராவின் கண்ணில் ஒட்டும் மெல்லிய ஏடு. முகத்தை மூன்று படி வெளுப்பாக்கும். மனிதன் பூமியை விட்டுக் கிளம்பும்போது காற்றை மறந்தாலும் மறப்பான், இதை மறப்பானா? தமயந்தியின் கேமராவில் அதை ஒட்டியவர் மாசிலாமணிதான், கல்யாணமான முதல் வாரத்தில். "படத்துல கருகருன்னு விழுற" என்றார். அன்றிலிருந்து அவள் அதைக் கழற்றவில்லை.

திரையில் அந்த ஒரே படம் வந்தது. தோல் வெளுக்கும் நிலையத்தில் எடுத்தது. இருபதாம் கல்யாண நாளுக்கு அவர்தான் கூட்டிப்போனார். படத்தின் கீழே 'முன்' என்று எழுதியிருந்தது. 'பின்' படம் கிடையாது. மூன்றாவது அமர்வோடு, எரிச்சல் தாங்கவில்லை என்று அவள் நின்றுவிட்டாள். படத்தில் கறுத்த, களையான ஒரு பெண் சிரிக்காமல் நேரே பார்த்தாள்.

பச்சைக்காரி அவர் கைமேல் விளக்கைப் பிடித்தது. "இன்னொண்ணு ஐயா. உங்க தோலும் அம்மா நிறமும் அச்சு அசல் ஒண்ணுதான். கண்ணும் உதடும் கொஞ்சம் நிழலும் போட்டாப் போதும், மிச்சம் உங்க தோலே. அது மங்கவே மங்காது. நீங்க இருக்கிறவரைக்கும் அம்மா இருப்பாங்க."

மாசிலாமணி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இது அவ இல்ல."

"அம்மாதான்பா! என்னைப் பாருங்க, நானும் இதே நிறம்தானே?" என்றாள் நிறைமதி.

"அதனாலதான்டி சொல்றேன். உனக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். வர்றவன் என் கையைத்தான் முதல்ல பார்ப்பான். தாயைப் பார்த்துத்தான் பொண்ணை எடை போடுவாங்க."

நிறைமதி இயந்திரத்தின் பக்கம் திரும்பித் தன் கையை நீட்டினாள். "அப்போ என் கையில குத்துங்க."

"துணைவர் இருக்கும்போது பிள்ளைக்கு உரிமை இல்லம்மா."

கோப்பும் துணைவரும் முரண்பட்டால் துணைவர் உறுதிமொழியே செல்லும். கூட வாழ்ந்தவனைவிட வேறு யாருக்குத் தெரியும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள், பாவம்! அவள் வெளுப்பு என்று மாசிலாமணி கையெழுத்துப் போட்டார். வெள்ளையும் ரோஜாவும் கறுத்த தோலில் ஐந்து வருடம்கூடத் தாங்காது என்று பச்சைக்காரி எச்சரித்தது. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஊசி வேலை செய்த நேரமெல்லாம் நிறைமதி திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஆறு மணிக்குத் திரை காலியானது.

"அடேயப்பா! தமயந்தி அக்காவை அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்று ஊரே மெச்சியது. மகள் மட்டும் அந்தக் கையைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஐந்தாம் வருடம் சொன்னபடியே வெள்ளை உதிர்ந்து, கண்ணும் உதடும் நிழலும் மட்டும் நின்றன. கன்னத்திலும் நெற்றியிலும் மாசிலாமணியின் தோல் மேலே வந்தது. கறுத்த, களையான ஒரு பெண் அவரையே பார்த்தாள். ஒருநாள் குழாயடியில் புதிதாக வேலைக்கு வந்தவன், "யாருண்ணே இது, உங்க அக்காவா?" என்று கேட்டுவிட்டான். மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. அன்றே விடுப்புப் போட்டுவிட்டுப் பச்சைக்காரியிடம் போனார்.

"யாரோ மாதிரி ஆயிட்டா. பழையபடி ஆக்கிவிடு."

"பழைய கோப்பு எதுவும் இல்லையே ஐயா. அம்மாவோட நிறம் என்ன?"

"நல்ல சிவப்பு."

"ஆதாரம் ஏதாவது?"

மாசிலாமணி, கல்யாணமாகித் தென்முனைக் குடியிருப்புக்குப் போய்விட்ட நிறைமதி போன வாரம் அனுப்பிய படத்தை எடுத்தார். மாப்பிள்ளை வாங்கித் தந்த புதுக் கேமராவில் எடுத்தது. மெருகியின் மேல் மெருகி. பால் மாதிரி முகம்.

"என் பொண்ணு. அப்படியே அவ அம்மா" என்றார் பெருமையாக.

பச்சைக்காரி அந்த நிறத்தை அளந்து குறித்துக்கொண்டு, ஊசியை எடுத்தது.