அஞ்சாவது விரல்

தாண்டவத்தின் வலது கையில் அஞ்சு விரல் இருந்தது.

லூர்துராணி மைப்பேனாவைத் தூக்கின கையோடு அப்படியே நின்றாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். அஞ்சுதான்.

இருக்கக் கூடாது. தாண்டவத்துக்கு நாலு விரல்தான். படம் தொடங்கின அன்றைக்கே வீரமலை அண்ணன் போட்ட சட்டம் அது. கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுகிற வெள்ளைக்காரன் பொம்மைப் படங்களை, மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "பொம்மைக்கு நாலு விரல் போதும் ராணி. எந்தப் பய எண்ணிப் பார்க்கப் போறான்? ஆயிரக்கணக்குல படம் போடணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு விரல் மிச்சம்னா எம்புட்டு வேலை மிச்சம்!" அன்றிலிருந்து அவர் காகிதத்தில் பென்சிலால் போடுவதும் நாலு, அதன்மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளை வைத்து அவள் மையில் எடுப்பதும் நாலு. வீட்டில் மாவு கரைக்கும்போது தன் சுண்டுவிரலைப் பார்த்து, இது எதுக்கு தண்டத்துக்கு என்று அவளுக்கே தோன்றும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. தென்னூர்ச் சந்துக்குள் இருந்த அந்த மாடி அறையில் சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிவிட்டது. கீழே பூட்டிக் கிடந்த பழைய சுருட்டுக் கிடங்கிலிருந்து புகையிலை நெடி ஈரத்தோடு சேர்ந்து மாடிப்படி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. ஓட்டின் மேல் மழை ஒரே சீராக இரைந்தது. வரைமேசைக் கண்ணாடிக்கு அடியில் எரிந்த பல்பின் வெளிச்சம் அவள் மோவாயைக் கீழிருந்து தொட்டு, சுவரில் அவள் நிழலைக் கூரை வரைக்கும் ஏற்றி வைத்திருந்தது. வீரமலை ஸ்ரீரங்கம் போயிருந்தார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு அங்கே கொட்டகையில் படத்தைப் போட்டுவிட வேண்டுமென்று பேசி வரப் போனவர், போகிற அவசரத்தில்தான் இரும்புப் பெட்டியைத் திறந்து இந்தக் காகிதக் கட்டை எடுத்துக் கொடுத்தார். இத்தனை நாளும் அவள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்த கட்டு.

"விழுற இடம் ராணி. படத்துக்கே இதான் உசிரு. பார்த்து மை போடு."

தாண்டவம் ஒரு தொப்பைக்காரர். குடுமி, குடை, இடுப்பில் நிற்காத வேட்டி. மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு படி ஏறுகிறார். படிக்கு ஒரு பழமாக உரித்துத் தின்று, தோலைப் பின்னால் வீசிக்கொண்டே ஏறுகிறார். உச்சிக்குப் போனால் தோளில் வெறும் காம்புதான். ஐயையோ என்று திரும்பினால் கீழே வரைக்கும் வாழைப்பழத் தோல். அப்புறம் என்ன, விழுகிறார், உருள்கிறார், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, அந்தக் காம்பையே பிள்ளையாருக்குக் காட்டிக் கும்பிடுகிறார். கதையை முதல் தடவை கேட்டபோது லூர்துராணி வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்போது பக்கத்தில் அவள் வீட்டுக்காரரும் இருந்தார்.

பிச்சைமுத்து நாடகத்தில் பபூன். மேடைக்கு வந்தாலே ஜனம் சிரிக்கும். விழுந்தால் கொட்டகை அதிரும். வீரமலை அவரைப் பிடித்து வந்து நடக்கவிட்டு, ஏறவிட்டு, சினிமாக் கேமராவில் எடுத்தார். பிறகு அந்தப் பிலிமை ஒவ்வொரு படமாகக் கண்ணாடியில் விழவைத்து, அதன்மேல் காகிதத்தைப் போட்டு, ஆளின் அசைவை அப்படியே பென்சிலால் எடுத்துத் தொப்பையும் குடுமியும் சேர்த்தார். தாண்டவத்தின் நடை அவள் வீட்டுக்காரர் நடைதான். அதனால்தான் பொம்மைக்கு உயிர் வந்தது.

விழுகிற காட்சி மட்டும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு முந்தின ராத்திரி மனுசன் ஓடிவிட்டார்.

"என்னத்தச் சொல்ல தங்கச்சி," என்று வீரமலைதான் வந்து சொன்னார். "காலையில வாடா, விழுற சீன் எடுக்கணும்னு சொல்லி அனுப்புனேன். சிலோனுக்குப் போற நாடகக்காரி ஒருத்தியோட ரயிலேறிட்டானாம். ஜங்ஷன்ல பார்த்தவங்க சொல்றாங்க."

அவள் நம்பினாள். தெருவே நம்பியது. தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுபோகும். அவர் சட்டைகளை எல்லாம் பழைய துணிக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தாள். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டு, "அந்த ஆளு செத்துத் தொலையட்டும்னு நெனச்சேன் சாமி" என்று அழுதாள். அப்போது கைகொடுத்தது வீரமலை ஒருத்தர்தான். "கையி இருக்குல்ல? வா, மை போடக் கத்துத் தரேன்" என்றார். கூடப் பிறந்தவன்கூட அப்படி நிற்கமாட்டான் என்று ஊரெல்லாம் சொன்னாள். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட பலகாரத்தில் முதல் தட்டு அவருக்குத்தான் போகும்.

விழுகிற இடத்தை அவர் கற்பனையிலேயே போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

லூர்துராணி தாளை வெளிச்சத்துக்கு நேராக நகர்த்தினாள். அந்த அஞ்சாவது விரல் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. அடுத்த தாள். அங்கேயும் அஞ்சு. அடுத்ததிலும் அதே கோணல். அவள் வீட்டுக்காரர் மணப்பாறையில் மேடையிலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்ட சுண்டுவிரல், கட்டு சரியில்லாமல் அப்படியே ஒட்டிப்போயிற்று. டீ கிளாஸைப் பிடித்தால் அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். "வந்துட்டாரு கலெக்டர் துரை" என்று அவள் கேலி பண்ணுவாள்.

கற்பனையில் யாரும் கோணல் விரல் போடமாட்டார்கள். நாலு விரல் சட்டம் போட்டவர், அடியில் தெரிந்ததை மறந்துபோய் அப்படியே எடுத்திருக்கிறார். விழுகிற காட்சியை எடுத்திருக்கிறார்கள். மனுசன் ஓடிப்போகவில்லை. அன்றைக்குக் காலையில் இங்கே வந்திருக்கிறார்.

தாளின் ஓரத்தில் பொம்மை விழும் இடத்துக்கு அடையாளமாகப் வீரமலை படிகளை லேசாகக் கோடிழுத்திருந்தார். மலைக்கோட்டைப் படி இல்லை அது. நடுவில் ஒரு படியின் முனை, எலி கடித்த ரொட்டி மாதிரி உடைந்திருந்தது. அதன் கல் ஆடும். மிதித்தால் 'டொக்'கென்று சத்தம் வரும். தினமும் அதை மிதித்துத்தான் அவள் மேலே வருகிறாள். கீழே படி தொடங்குகிற இடத்தில் புதிதாகச் சிமெண்டு பூசியிருக்கும் தரையில்தான் செருப்பைக் கழற்றிவிடுகிறாள். மழைத் தண்ணி ஊறுது என்று அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே வீரமலை பூசின சிமெண்டு.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தாண்டவம் எழுந்திருக்கிற படங்கள் முன்பே அவள் கைக்கு வந்திருந்தன. "எல்லாம் நல்லாருக்குண்ணே, எந்திரிக்கிற எடம் மட்டும் கட்டை மாதிரி இருக்கே" என்று வெள்ளந்தியாகச் சொன்னாள். என்றைக்கும் கோபப்படாதவர் அன்றைக்கு வள்ளென்று விழுந்தார். அதைப் பார்த்து எடுக்க அவரிடம் பிலிம் இல்லை. எழுந்திருக்க ஆள் இல்லை.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. புகையிலை இல்லை. மை இல்லை. முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்த அரிதார மணம், நாடகம் முடிந்து வந்து பக்கத்தில் படுக்கிறவரின் கழுத்தில் வரும் மணம்.

தாள்கட்டை இடது கையில் பிடித்து, கட்டைவிரலால் தாள்களைச் சரசரவென்று விட்டாள். மை போடுவதற்கு முன் அசைவு சரியாக வருகிறதா என்று பார்க்கிற வழக்கம். கை பழக்கத்தில் செய்தது. அவள் செய்ய நினைக்கவில்லை.

தாண்டவம் திரும்பினார். கால் வழுக்கியது. கைகள் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன. உருண்டார். உடைந்த படியின் முனையில் தலை பட்டது. கீழே வந்து, கழுத்து ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தார்.

சிரிப்பு வருகிற மாதிரிதான் இருந்தது. கட்டு அங்கே முடிந்திருக்க வேண்டும்.

அடியில் இன்னும் தாள்கள் இருந்தன.

கிடந்தார். அடுத்த தாளிலும் கிடந்தார். அடுத்ததிலும். கல்யாணமானதிலிருந்து புருஷன் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்லச் சொல்வாள். இப்போது உதடு தானாகப் பிரிந்தது.

"பிச்சமுத்து."

சுண்டுவிரல் அசைந்தது.

கட்டைவிரல் நிற்கவில்லை. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. இவை பென்சில் படங்கள் இல்லை. மை. ஈர மை. தாளுக்குத் தாள் அவள் விரலில் ஒட்டியது. தாண்டவம் கையைத் தரையில் ஊன்றினார். முழங்காலை மடக்கினார். பாயிலிருந்து காலையில் எழுந்திருப்பாரே, அதேபோல, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கட்டை மாதிரி இல்லை. தொப்பை இல்லை. குடுமி இல்லை. தலை மட்டும் நிமிரவில்லை. தோளில் தொங்கிக்கொண்டே இருந்தது. தாளின் ஓரத்துக்கு நடந்தார். பாதி உடம்பு தெரிந்தது. பிறகு ஒரு கை மட்டும்.

பிறகு வெறும் படிகள். தாளில் ஆள் இல்லை.

டொக்.

கீழே, உடைந்த படியில்.

காலடி ஏறி வந்தது. கதவு திறந்தது. வீரமலை. நனைந்த வெள்ளை ஜிப்பா, கையில் மடக்கின குடை.

"ஏகாதசிக்குப் போடச் சம்மதிச்சுட்டாங்கம்மா!" என்று ஆரம்பித்தவர், அவள் மடியில் கலைந்து கிடந்த கட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. வாசலை விட்டு உள்ளே வரவில்லை. படிக்கு முதுகு காட்டி, கதவு நிலையில் அப்படியே நின்றார்.

"அண்ணே," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "அவுக ஓடிப்போகலையாண்ணே?"

"விழுந்து காட்டுடான்னேன், விழுந்தான்," என்றார் வீரமலை, பிள்ளைக்குச் சமாதானம் சொல்கிற குரலில். "அம்புட்டு அழகா ஒருத்தனும் விழ முடியாது ராணி. நீயே பார்த்தேல்ல? அப்புறம் எந்திரிக்கல."

"உசிரு இருந்துச்சா?"

அவர் குடையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "விரல் ஆடிக்கிட்டு இருந்துச்சு. கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா. எந்திரிச்சுருவான், எந்திரிச்சுருவான்னு பார்த்தேன். ரீல் முடியற வரைக்கும் பார்த்தேன்."

பாவி. பலகாரத் தட்டை வாங்கித் தின்ற பாவி. தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டு, அவள் புருஷன் சாவுக்கு அவள் கையாலேயே மை போட வைத்த பாவி. அந்தப் புருஷனை அவள் எவ்வளவு திட்டினாள், தினமும் செருப்பை அந்தச் சிமெண்டுக்கு அடியில் கிடந்த அவர் நெஞ்சின் மேல் கழற்றிவிட்டுவிட்டு எவ்வளவு திட்டினாள்! அழுகை வரவில்லை.

"யாருக்கும் தெரிய வேணாம் ராணி. படம் வரட்டும். ஊரே சிரிக்கும் பாரு." கதவைச் சாத்த ஒரு கையைப் பின்னால் நீட்டினார். இன்னொரு கை குடையை இறுக்கிப் பிடித்தது. "வா. இப்படி எந்திரிச்சு வா."

டொக்.

உடைந்த படி.

வீரமலை மேலே நின்றுகொண்டிருந்தார். கீழே யாரும் இல்லை. அவருக்கு அது கேட்கவில்லை போலிருந்தது. மழைச் சத்தம் என்று நினைத்திருப்பார்.

அரிதார மணம். அறை முழுக்க.

அவருக்குப் பின்னால் இருட்டு கொஞ்சம் கெட்டியானது. பென்சிலால் அழுத்தித் தேய்த்தாற்போல. தோளில் தொங்குகிற தலை ஒன்றின் வெளிக்கோடு.

சொல்ல வாய் வந்தது. அண்ணே, பின்னாடி. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

லூர்துராணி வாயை மூடிக்கொண்டாள்.

வீரமலையின் வெள்ளை ஜிப்பாவில், தோள்பட்டையின் மேல், ஈர மையில், முதல் விரல் படிந்தது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது.

பிறகு, மெதுவாக, வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு, அஞ்சாவது.