சிவப்புக் கண்கள் ஏறிய பஸ்

1962, மார்ச் 20. காலை 6.10. அமிர்தத்தின் ஐந்து வயது மகன் மூச்சு முட்டி இறந்துபோனான். தட்டம்மை. ஸ்ரீரங்கத்தின் அந்தத் தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். மூவரும் மூன்றாம் தேதி காந்தி மார்க்கெட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்.

அவர்களில் ஒருத்தி காளியாயியின் மகள். கீரைக்காரியான காளியாயிதான் நோயைக் கொண்டு வந்தாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. கூடையை உடைத்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் குடிசையைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள்.

8.30. சுகாதார நர்ஸ் ரோசரி குடிசைக்குள் நுழைந்தாள்.

"பொண்ணுக்கு என்னிக்கு உடம்புல செவப்பு கண்டுச்சு?"

"சனிக்கிழமைங்க, பதினேழாம் தேதி."

மற்ற இருவருக்கும் அதே நாள்தான் என்று ரோசரி ஏற்கெனவே விசாரித்திருந்தாள்.

"பஸ்ல யாராவது இருமினாங்களா?"

"டிரைவர் பக்கத்துல ஒரு புள்ள ஓயாம இருமுச்சுங்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. புழுதினு நெனச்சேன்."

9.15. தெற்கு வாசல் பஸ் ஸ்டாப். மூன்றாம் தேதி அந்த பஸ்ஸில் வந்த கண்டக்டர் மருதை பதற்றமில்லாமல் பதில் சொன்னான்.

"டிக்கெட் கிழிச்சது பத்தொம்பது பேருக்குங்க. ஒருத்தர் மேலயும் அம்மை இல்லை."

"டிக்கெட் கிழிக்காம ஏத்தினது யாரை?"

அவன் முகம் வெளுத்தது. ரோசரி விடவில்லை.

"காளியாயி பொண்ணு நோயைக் கொடுத்திருந்தா அவளுக்குத்தான் முதல்ல வந்திருக்கணும். மூணு பேருக்கும் ஒரே நாள்ல வந்திருக்கு. மூணு பேரும் வாங்கினவங்கதான். கொடுத்தது முன்னால உக்காந்திருந்த புள்ள. கண்டக்டர் காசு கேக்காத புள்ள."

"என் மூத்த பொண்ணுங்க," என்றான் மருதை. "சளினுதான் நெனச்சேன் நர்சம்மா. மூணு நாள் கழிச்சுத்தான் மேலெல்லாம் செவந்துச்சு. வேலை போயிடும்னு பயந்து வாயத் திறக்கலை."

"செவப்பு தெரியறதுக்கு நாலு நாள் முன்னாலயே ஒட்டிக்கும். அது உங்களுக்குத் தெரியாது, சரி. ஆனா காளியாயி மேல பழி விழுந்தப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

மருதை டிக்கெட் கட்டைப் பைக்குள் திணித்தான்.

"வீட்டுல வேற புள்ள இருக்கா?"

"சின்னவ. ரெண்டு நாளா காய்ச்சல். பாத்துக்க ஆளில்லாம கூடவே..."

அவன் பார்வை பஸ்ஸின் பக்கம் போனது. ரோசரி ஓடினாள்.

உள்ளே நிற்க இடமில்லை. டிரைவர் பக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி சிவந்த கண்களோடு இருமினாள். அவள் மடியில் ஒரு கைக்குழந்தை.

"கூட்டமா இருக்குல்ல, இந்தப் பாப்பாதான் மடியில வச்சுக்கிச்சு," என்று சிரித்தாள் கம்பியைப் பிடித்து நின்ற குழந்தையின் தாய்.

ரோசரி குழந்தையைத் தூக்கினாள்.

"எத்தனை மாசம்மா?"

"ஒம்பதுங்க."

தாய் தந்த நோய்க் காப்பு தீர்ந்துபோகும் வயது.

"எஞ்சினை நிறுத்துங்க," என்றாள் டிரைவரிடம். "பேரும் தெருவும் சொல்லாம யாரும் இறங்கக் கூடாது."