செத்தவன் சேமித்த பக்கங்கள்

தொலைபேசி அடித்தபோது மார்ஜரி கணவனின் சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மிஸிஸ் நோபர்ட்... இன்ஸ்பெக்டர் பதுர்தீன் பேசுறன். ஒங்கட மாப்பிள்ளைட மோட்டர் சைக்கிள் ரிவர்ஸ்டன்ல ஈக்கிது."

"அவரு?"

"அவரக் காணல்ல. மல விளிம்புல ஒரு சப்பாத்து மட்டும் ஈக்கிது."

"எந்தக் கால் சேர்?"

பதுர்தீன் எத்தனையோ வீடுகளுக்கு மரணச் செய்தி சொன்னவர். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"இடது."

"அது கடிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றாள் மார்ஜரி.

அயர்ன் பெட்டியை அணைத்தாள். சட்டையை மடித்து வைத்தாள்.

ரிவர்ஸ்டனில் கீழே எட்டிப் பார்த்தால் பனிமூட்டம் தெரியும். அது விலகினால் அதற்குக் கீழே இருக்கும் பனிமூட்டம் தெரியும். உடலைத் தேடி இறங்கிய இரண்டு கான்ஸ்டபிள்களும் சளியோடு ஏறி வந்தார்கள்.

வருடம் 2008. ஒரு தமிழன் காணாமல் போனால் காரணம் தேடும் வழக்கம் நாட்டில் குறைந்திருந்தது. நோபர்ட்டின் விஷயத்தில் காரணம் தேடாமலே கிடைத்தது.

மைக்கல்.

மார்ஜரியின் தம்பி. த்ரீவீல் ஓட்டுகிறவன். அந்த வாரம்தான் மாத்தளை பஜாரில், நோபர்ட்டின் இன்டர்நெட் கடை வாசலில், அத்தானின் கொலரைப் பிடித்திருந்தான்.

"இன்னொரு தடவ அக்கா மேல கை வச்சீங்க... ரிவர்ஸ்டன்ல கொண்டுபோய்த் தள்ளிருவேன்."

பாதி பஜார் கேட்டது. கேட்காத பாதியும் சாட்சி சொல்ல வந்தது.

அன்று பின்னேரமே மைக்கல் உள்ளே.

"திங்கக்கிழம கொழும்புக்கு அனுப்புவாங்க" என்றார் பதுர்தீன், மார்ஜரி நிலையத்துக்கு வந்தபோது.

"எப்ப திருப்பி அனுப்புவாங்க?"

இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். மாட்டினார்.

"திங்கக்கிழம அனுப்புவாங்க" என்றார் மறுபடியும்.

கம்பிக்குப் பின்னால் மைக்கல் நின்றான். ஒரு கண் வீங்கியிருந்தது.

"நான் தள்ளல அக்கா."

"தெரியும்டா."

"தள்ளியிருக்கலாம்னு இப்ப தோணுது."

"சத்தம் போடாத. எழுதிக்குவாங்க."

---

நோபர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் இருந்தவரை அவனே சொல்லிக்கொண்டிருந்ததால் மற்றவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அவன் கடையில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஆறிலும் நரி படம் போட்ட பிரவுசர். சவூதியில் இருக்கும் மகளின் ஈமெயிலைப் பார்க்க வரும் தாய்மார்களுக்குக்கூட அவன் முதலில் ஒரு பிரசங்கம் வைப்பான்.

"வெறும் பிரவுசர் வெறுஞ்சோறு மாதிரி. அட்-ஓன்தான் கறி."

விளம்பரத்தை மறைக்க ஒரு அட்-ஓன். கட்டங்கட்டமாய்த் தெரியும் தமிழைப் படிக்க ஒன்று. பரீட்சை முடிவுப் பக்கத்தைத் தானாகவே திரும்பத் திரும்பத் திறக்க ஒன்று. முழுப் பக்கத்தையும் படமாக எடுக்க ஒன்று. பிரவுசரில் இல்லாத எந்த வசதியையும் அதன் மேல் ஒட்டிவிடலாம் என்று அவன் நம்பினான். மனைவியிடம் இல்லாத வசதிகளைக் கையால் ஒட்டப் பார்த்தான்.

தன் வலைப்பூவில் ஒரு கட்டுரையும் எழுதியிருந்தான். 'உங்கள் பிரவுசரை உயர்த்தும் ஏழு அட்-ஓன்கள்.' அதைப் படித்தவர் ஒருவர். பாராட்டிக் கருத்து எழுதியவரும் அதே ஒருவர்.

ஏழாவது அட்-ஓன் புக்மார்க்குகளுக்கானது. ஒரு கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைச் சேமித்தால், அந்தச் சுட்டி மற்றக் கம்ப்யூட்டரிலும் தானாக வந்து உட்காரும். கடையில் மார்ஜரி உட்காரும் கம்ப்யூட்டரையும் தன் லெப்டொப்பையும் நோபர்ட் அப்படித்தான் கோத்திருந்தான்.

லெப்டொப் அவனோடு காணாமல் போயிருந்தது.

சனிக்கிழமை காலையில் மார்ஜரி கடையைத் திறந்தாள். தன் கம்ப்யூட்டரை இயக்கினாள். புக்மார்க் பட்டியலின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது.

ஆங்கிலத் தலைப்பு. தமிழில் சொன்னால்: உணவில் கலந்த நஞ்சின் அறிகுறிகள்.

அவள் அதைச் சேமிக்கவில்லை.

தொலைபேசியை எடுத்தாள்.

---

"செத்தவர் எப்பிடிப் படிக்கிற?" என்றார் பதுர்தீன், கடைக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"லெப்டொப் யாருகிட்ட இருக்கோ அவங்க படிக்கிறாங்க சேர்."

"அப்ப கொலகாரன்."

"மைக்கல் உங்க கூட்டுல இருக்கான். அங்க லெப்டொப் குடுத்திருக்கீங்களா?"

"அங்க லைட்டே இல்ல."

"அப்ப மைக்கல் கொலகாரன் இல்லதானே?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். அது அவருக்குப் பிடிக்காத வேலை.

"கூட்டாளி ஈக்கலாம்" என்றார். "ஒருத்தன் தள்ளினான், மத்தவன் லெப்டொப்பத் தூக்கினான். இப்ப நஞ்சப் பத்திப் படிக்கிறான். அடுத்தது யாரு செல்லுங்க?"

"யாரு சேர்?"

"நீங்கதான்."

திரையில் இன்னொரு வரி வந்து விழுந்திருந்தது.

'உங்கள் பிரவுசரை உயர்த்தும் ஏழு அட்-ஓன்கள்.'

"இது என்ன?"

"இவரு எழுதுன கட்டுரை."

"கொலகாரன் இதையும் படிக்கிறானா?"

"சேர்..." மார்ஜரியின் குரல் இறங்கியது. "இந்த உலகத்துல இந்தக் கட்டுரையப் படிக்கிறது ஒரே ஒரு ஆள்தான்."

மின்விசிறி சுற்றியது. இன்ஸ்பெக்டரின் மூளையும் பின்னாலேயே சுற்றத் தொடங்கியது.

"உசிரோட ஈக்கிறாரா?"

"யாராவது பாராட்டி எழுதியிருக்காங்களான்னு பாக்குறாரு."

"அப்ப பொம்பள விஷயம்தான். எவளோடயோ ஓடியிருப்பாரு."

"எவ கேப்பா சேர் இவரு பேசுறத?"

பதுர்தீன் எழுந்து தொப்பியை எடுத்தார்.

"இத மேல அனுப்ப ஏலாது மிஸிஸ் நோபர்ட். புக்மார்க்குக்கு ஐடென்டிட்டி கார்ட் இல்ல. செத்தவரக் கொண்டு வாங்க... மைக்கலக் கொண்டு போங்க."

"திங்கக்கிழமைக்குள்ளயா?"

"திங்கக்கிழம ஜீப் வரும். நான் கூப்பிட்டதில்ல. கொழும்பு ஜீப்."

மார்ஜரி விசைப்பலகையை அருகில் இழுத்தாள்.

"மாத்தளைக்கு அவரு வரமாட்டாரு. பக்கத்துல யட்டவத்தையில உங்களுக்குத் தெரிஞ்ச யாராச்சும் கம்ப்யூட்டர் வச்சிருக்காங்களா சேர்?"

"என்ட மச்சான் ஜுனைதீன். மிளகு வாங்கி விக்கிறவன். மகனுக்கு எண்டு ஒண்டு வாங்கி வச்சீக்கிறான். ஏன்?"

"அவரு பேரக் கொஞ்சம் எடுத்துக்கிறேன்."

கட்டுரையின் அடியில் அவள் தட்டினாள்.

'உங்கள் மூன்றாவது அட்-ஓன் வேலை செய்யவில்லை. எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை யட்டவத்தையில் என் கடைக்கு வந்து செய்து காட்டட்டும். ஜுனைதீன், மிளகு வியாபாரி.'

பதுர்தீன் சிரித்தார்.

"செத்துப்போனதா நடிக்கிற மனுசன் இதுக்கு வருவாரா?"

"பத்து வருசமா அவரோட குடும்பம் நடத்துறேன் சேர்."

பதில் பின்னேரமே வந்தது. நீளமான நான்கு பத்திகள். முதல் வரி: 'நான் இக்கட்டுரையின் ஆசிரியர் அல்ல.' மீதி எல்லாம் ஆசிரியரின் ஆழ்ந்த அறிவைப் பற்றி. கடைசி வரி: 'ஆசிரியர் தற்போது இல்லாத காரணத்தால் நான் வருகிறேன்.'

---

ஞாயிற்றுக்கிழமை. யட்டவத்தை. நல்ல வெயில்.

ஜுனைதீனின் கடையில் மிளகு மூட்டைகள் கூரை வரை ஏறியிருந்தன. ஒரு மூலையில் கம்ப்யூட்டர். மூட்டைகளுக்குப் பின்னால் பதுர்தீனும் மார்ஜரியும். பதுர்தீன் தும்மலை அடக்கி அடக்கிக் கண் சிவந்திருந்தார்.

"வரமாட்டார்" என்று கிசுகிசுத்தார்.

"வருவாரு."

"வந்தா?"

"மைக்கல விட்டுருவீங்கதானே சேர்?"

"அல்லா மேல சத்தியமா."

வாசலில் நிழல் விழுந்தது.

தொப்பி. கறுப்புக் கண்ணாடி. அரைகுறைத் தாடி. தோளில் லெப்டொப் பை. காலில் புத்தம் புதிய செருப்பு.

"ஜுனைதீன் யாரு?"

"நான்தான்" என்றார் ஜுனைதீன். அன்றைக்கு அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒரே வசனம் அது.

"எந்த மெஷின்?"

ஜுனைதீன் கையைக் காட்டினார். வந்தவன் உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றினான். திரையைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு வைத்தியரின் வருத்தம் வந்தது.

"ஐயோ... பழைய வேர்ஷனப் போட்டு வச்சிருக்கீங்க. எப்பிடி வேலை செய்யும்? கட்டுரைய ஒழுங்காப் படிக்கணும். அதுல தெளிவா எழுதியிருக்கேன்... எழுதியிருக்காரு."

விரல்கள் ஓடின.

"யாரு இதப் போட்டது? எந்த மடையன்?"

"நான்தாங்க" என்றாள் மார்ஜரி. மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அவளும் இன்ஸ்பெக்டரும் எழுந்தார்கள்.

நோபர்ட் திரும்பினான்.

இதுவரை எல்லாம் மார்ஜரி சொன்னபடியே நடந்தது. இனி ஓடுவான், வாசலுக்கு வெளியே ஒளிந்திருக்கும் கான்ஸ்டபிள் பிடிப்பான் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார்.

நோபர்ட் ஓடினான்.

வாசலுக்கு இல்லை. நேராக இன்ஸ்பெக்டரிடம் ஓடி வந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"சேர், இவளப் பிடிங்க."

"யாரப் பிடிக்கிற? நீங்கதானே காணாமப் போனது?"

"இவ என்னைக் கொல்லப் பாத்தா சேர். அதுக்குத்தான் செத்தேன்."

பதுர்தீன் அதுவரை அடக்கி வைத்திருந்த தும்மல் வெளியே வந்தது.

நோபர்ட் லெப்டொப்பை எடுத்து மூட்டையின் மேல் வைத்துத் திறந்தான்.

"பாருங்க. புக்மார்க் அட்-ஓன். இவ கடையில என்னத்தச் சேமிச்சாலும் எனக்கு வரும். போன மாசம் என்ன வந்திச்சு தெரியுமா? சாப்பாட்டுல கலந்தா ருசி தெரியாத மருந்து. அடுத்த நாள் இன்னொன்னு. டொக்டருக்கும் தெரியாத மருந்து. எல்லாத்தையும் அழிச்சிட்டா சேர். ஆனா நான் அதுக்கு முன்னாடியே முழுப் பக்கத்தையும் படம் எடுத்துட்டேன். அதுக்கும் ஒரு அட்-ஓன் இருக்கு. பட்டியல்ல அஞ்சாவது."

படம் திரையில் வந்தது. தலைப்பு, திகதி, எல்லாம் தெளிவாக.

பதுர்தீன் மெதுவாகத் திரும்பி மார்ஜரியைப் பார்த்தார்.

"எலிக்கு சேர்" என்றாள் மார்ஜரி. "கடையில வயரெல்லாம் கடிக்குது."

"எலிக்கு எதுக்குடி ருசி தெரியாம குடுக்கணும்?" நோபர்ட் இன்ஸ்பெக்டரின் தோளுக்கு மேலாகக் கத்தினான். "எந்த எலி ஒன் சமையலக் குறை சொல்லிச்சு?"

"எலி சொல்லாதுங்க."

"டொக்டருக்குத் தெரியக்கூடாதாமே? எலிய டொக்டர்கிட்டயா கூட்டிட்டுப் போறே?"

மார்ஜரி சேலைத் தலைப்பை இழுத்து முழங்கைக்கு மேலே இருந்த பழைய தழும்பை மூடினாள். பதுர்தீன் அதைப் பார்த்தார். பார்க்காதது போல் நோபர்ட்டின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நஞ்சப் பத்தி நீங்க ஏன் படிச்ச?"

"எனக்கு ஏற்கெனவே குடுத்துட்டாளோன்னு அறிகுறி பாத்தேன் சேர்."

"அந்த அட்-ஓன நிப்பாட்டியிருந்தா நீங்க படிக்கிறது இவங்களுக்கு வந்தீக்காதே?"

"நிப்பாட்டுனா இவ என்ன படிக்கிறான்னு எனக்கு எப்பிடி வரும்?"

"ரெண்டு பக்கமும் வேல செய்யும் எண்டு தெரியாதா?"

அது அவனுடைய கட்டுரையிலேயே இருந்தது. தடித்த எழுத்தில்.

"அப்ப மைக்கல்? பாவம் அந்தப் பொடியன். ஒங்கட சப்பாத்தால கொழும்புக்குப் போகப் பாத்தான்."

"அவனும் சேந்துதான் திட்டம் போட்டான்னு நெனச்சேன் சேர். ரிவர்ஸ்டன்ல தள்ளுறேன்னு அவன்தானே சொன்னான்? அவன் சொன்ன எடத்துலயே விழுந்துட்டா பொருத்தமா இருக்கும்னு..."

மார்ஜரி முதன்முறையாக முன்னால் வந்தாள்.

"சேர். மைக்கல்."

பதுர்தீன் கைத்தொலைபேசியை எடுத்தார். சிங்களத்தில் இரண்டு வசனம் பேசினார்.

"விட்டாச்சு. வெளிய நிக்கிறான். பசிக்கிதாம்."

அவள் கண்களை மூடித் திறந்தாள். உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். ஜெபமாக இருக்கலாம். அவ்வளவுதான்.

பிறகு கைப்பையை மாட்டிக்கொண்டு கணவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். கலியாணப் படத்தில் சிரித்த அதே சிரிப்பு.

"வாங்க, வீட்டுக்குப் போவம். கோழி சமைச்சு வச்சிருக்கேன். நாட்டுக் கோழி."

"நீயும் சாப்பிடுவியா?"

"எனக்கு இன்னைக்கு ஒருசந்தி விரதம்."

"ஞாயித்துக்கிழம எந்தக் கிறிஸ்தவன்டி ஒருசந்தி இருக்கான்?"

"நேர்ச்சைங்க. நீங்க உசிரோட கெடைக்கணும்னு."

நோபர்ட் இன்ஸ்பெக்டரின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான்.

"சேர், என்னை அனுப்பாதீங்க. உள்ள போடுங்க."

"படிக்கிறது குத்தமில்ல. சமைக்கிறதும் குத்தமில்ல" என்றார் பதுர்தீன், அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி. "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க."

"மைக்கல் இருந்த கூடு காலியாத்தானே இருக்கு சேர்? லைட் இல்லாட்டியும் பரவாயில்ல."

"ஒரு குத்தமும் இல்லாம எப்பிடி உள்ள போடுற?"

நோபர்ட் அவரை நம்ப முடியாமல் பார்த்தான்.

"ஊருல இருக்கிற தமிழன எல்லாம் அப்பிடித்தானே போடுறீங்க சேர்... எனக்கு மட்டும் ஏன் சட்டம் பேசுறீங்க?"