மாமா கொடுத்த காலிக் கவர்

வந்தவள் உட்கார்ந்த கையோடு பையிலிருந்து ஒரு வெள்ளைக் கவரை எடுத்து மேசை மேல் வைத்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பேச ஆரம்பிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"மேடம், இதை என் தம்பிதான் எழுதினானா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். மேடம் அவருடைய மனைவி. வங்கியில் கையெழுத்து சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். ஓய்வு பெற்ற பிறகு, போலி உயில், மொட்டைக் கடிதம் என்று யாராவது அவளைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். மணி அடித்துக் கதவைத் திறந்தால், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மேடம் இருக்காங்களா?" ஒருவராவது, "சார் இருக்காரா?" என்று கேட்டதில்லை. வாத்தியாருக்கு மனைவியைப் பற்றிப் பெருமைதான். ஆனால் பெருமைக்கு அடியில் வயிறு கொஞ்சம் எரியும். இந்த ஒரு வழக்கையாவது அவளுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பார்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றாள் மேடம்.

அந்த அம்மாள் சொன்னது இது. பத்து வருடம் காத்திருந்து பிறந்த பெண் குழந்தை. அதற்கு யார் எது கொடுத்தாலும், பத்து ரூபாயானாலும், குழந்தையின் பெயரில் வைப்பு நிதியில் போட்டுவிடுவாள். பதினெட்டு வயது வரை யாரும் தொட முடியாது. பதினாறு நாளைக்கு முன் முதல் பிறந்தநாள். ஒரு மண்டபத்தில் மதியச் சாப்பாடு. அங்கே தம்பி ஒரு கவரை அன்பளிப்புப் பையில் போட்டுவிட்டு, "அக்கா, அம்பதாயிரம் இருக்கு. பாப்பா பேர்ல போட்டு வை," என்று சொன்னான்.

"எனக்கு சந்தோஷம் தாங்கல. எல்லார் முன்னாடியும் சொன்னேன், புள்ளைக்கு வந்த காசைப் பெத்தவங்க தொட்டா அது திருட்டுன்னு. மூணு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். கவர் இருந்த பையைப் படுக்கையறை அலமாரியில வச்சேன். பூட்டல. பாப்பாவோட நானும் தூங்கிட்டேன். ஆறு மணிக்கு எல்லாரும் உக்காந்து பிரிச்சோம். தம்பியோட கவர் ஒட்டினபடியே இருந்துச்சு. என் வீட்டுக்காரர்தான் கிழிச்சார். உள்ள ஒரு தாள்கூட இல்ல மேடம்!"

"அப்புறம்?"

"கொடுக்க மனசில்லேன்னா வராமலே இருந்திருக்கலாமேன்னு அவனுக்கு மெசேஜ் போட்டுட்டேன். எடுத்துக்கிட்டு என்னையே கேக்குறியான்னு அவன் பதில் போட்டான். அன்னையிலேர்ந்து பேச்சு இல்ல."

"மூணு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவுல வீட்டுல யார் யாரு?"

"நான், என் நாத்தனார், என் தங்கச்சி. அவங்க ரெண்டு பேரும் எங்ககூடதான் இருக்காங்க. தம்பி மண்டபத்திலேர்ந்தே கிளம்பிட்டான். என் வீட்டுக்காரர் அங்க கணக்கு முடிச்சிட்டு ஆறு மணிக்குத்தான் வந்தார்."

மேடம் லென்ஸை எடுத்துக் கவரைப் பார்த்தாள். வாத்தியாரும் தலையை நீட்டினார். நீல மை. 'அன்பு மகளுக்கு, மாமா' என்று எழுதியிருந்தது. 'ளு' எழுத்தின் வால் தூண்டில் முள் மாதிரி வளைந்து மேலே ஏறியிருந்தது.

"தம்பி எழுத்துதானா?" என்று கேட்டாள் மேடம்.

"அந்த வாலை ஆயிரம் பேர் எழுத்துக்கு நடுவுல காட்டினாலும் கண்டுபிடிச்சிடுவேன். அதனாலதான் அவன்மேல கோபமே. ஆனாலும் மனசு கேக்கல, அதான் உங்ககிட்ட வந்தேன்."

மறுநாள் காலை இருவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். மாடிக் குடியிருப்பு; இரண்டு அறை, ஒரு கூடம். நாத்தனார்தான் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே பொரிந்து தள்ளினாள்.

"என்னைத்தானே சந்தேகப்படுறீங்க? நேராவே கேளுங்க. எனக்குப் பொறாமை இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். என் பையன் பிறந்தப்போ வந்த காசெல்லாம் ஆஸ்பத்திரி பில்லுக்கே போச்சு. இங்க இந்த மருமகளுக்கு மட்டும் ஆயிரம் ஆயிரமா சேருது. பாத்தா வயிறு எரியத்தான் செய்யும். அதுக்காகத் திருடுவேனா?"

வாத்தியாருக்கு மனசுக்குள் மணி அடித்தது. வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள்! மனைவியைப் பார்த்தார். அவள் எந்த உணர்ச்சியும் காட்டாமல், மேசை இழுப்பறையில் இருந்த வெள்ளைக் கவர் கட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கவரும் இந்தக் கட்டில் இருந்தவையும் அளவிலும் தாளிலும் ஒன்றாகவே இருந்தன.

தங்கச்சி படுக்கையறையில் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது, பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை. "அசையாம இருடி என் மகளே, கையைக் கொடு மகளே," என்று கொஞ்சிக்கொண்டே பொத்தான் போட்டாள். அன்று மதியம் என்ன செய்தாள் என்று மேடம் கேட்டதற்கு, "பாத்திரம் கழுவினேன். அப்புறம் தலைவலின்னு படுத்துட்டேன்," என்றாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

அங்கிருந்து தம்பியின் அலுவலகத்துக்குப் போனார்கள். அவன் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தான்.

"நாலு மாசம் மிச்சம் பிடிச்ச பணம் மேடம். எங்கக்கா என்னைப் பார்த்து இப்படிச் சொல்லிட்டா!"

மேடம் புதுக் கவர் ஒன்றை நீட்டினாள். "அன்னைக்கு எழுதின மாதிரியே இதுல எழுதுங்க தம்பி."

அவன் யோசிக்காமல் எழுதினான்: 'அன்பு மருமகளுக்கு, மாமா.' தூண்டில் முள் வால் அப்படியே இருந்தது.

"எழுத்து அழகா இருக்கே," என்றாள் மேடம்.

"ஸ்கூல்ல இதனாலயே மாட்டுவேன். சேட்டை பண்ணினா நூறு தடவை எழுதச் சொல்வாங்க. அம்பதோட எனக்குக் கை வலிச்சிடும். மீதியை வீட்டுல எழுதி வாங்கிடுவேன். ஒரு வாத்தியாரும் கண்டுபிடிச்சதில்ல," என்று முதல் தடவையாகச் சிரித்தான்.

வாத்தியாரும் சிரித்தார். தெருவுக்கு வந்ததும் அவருக்குப் பொறுமை இல்லை.

"ரெண்டு கவரும் ஒரே கை! பணம் வைக்காமலே கொடுத்திருக்கான். இல்லேன்னா அந்த நாத்தனார் ஆவி காட்டிப் பிரிச்சு, எடுத்து, திரும்ப ஒட்டியிருக்கா. ரெண்டுல ஒண்ணு. என்ன சொல்றே?"

"ரெண்டு கவரையும் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க," என்றாள் மேடம்.

அவர் வாலைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. இவளுக்கு மட்டும் என்ன தெரிகிறதோ என்று பொருமிக்கொண்டே பேருந்தில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரையும் மேடம் அந்தக் கூடத்துக்கு வரவழைத்தாள். தம்பி கதவோரம் நின்றான், அக்கா ஜன்னலோரம். நடுவில் நாத்தனாரும் தங்கச்சியும். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார் அக்காவின் கணவர்.

"பணத்துக்காகத் திருடுறவங்க கவரோட எடுத்துட்டுப் போயிடுவாங்க," என்று மேடம் மெதுவாக ஆரம்பித்தாள். "அப்படிப் போயிருந்தா, எங்கேயோ தொலைஞ்சதுன்னு முடிஞ்சிருக்கும். இங்க காலிக் கவரை ஒட்டி, திரும்பப் பையில வச்சிருக்காங்க. எல்லாரும் பார்க்க அது காலியாத் திறக்கணும். தம்பி பொய்யன்னு ஆகணும். அக்காவும் தம்பியும் முறைச்சுக்கணும். அதுதான் நோக்கம்."

மேடம் இரண்டு கவர்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க கிழிச்ச கவர், தம்பி கொடுத்த கவரே இல்ல. இந்த வீட்டு இழுப்பறையிலேர்ந்து எடுத்த புதுக் கவர். அவர் எழுதினது 'அன்பு மருமகளுக்கு.' இதுல இருக்கிறது 'அன்பு மகளுக்கு.' அக்கா பொண்ணை ஒரு தாய்மாமன் 'மகள்'னு எழுதுவானா?"

வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான்கு நாளாகக் கண் முன்னால் கிடந்த வார்த்தை!

"நாத்தனாருக்கும் இந்தக் குழந்தை மருமகள்தான். கோபத்துலகூட அன்னைக்கு அப்படித்தான் சொன்னாங்க. மகளேன்னு கூப்பிடுற வாய் இந்த வீட்டுல மூணு. அப்பா, அம்மா, சித்தி. அப்பா அப்போ மண்டபத்துல."

"அப்போ அம்மாவாகவும் இருக்கலாமே?" என்று வாத்தியார் குறுக்கே புகுந்தார். அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எடுத்தவங்களே அந்தக் கவரைக் கொண்டுவந்து என் லென்ஸுக்கு அடியில வைப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு மேடம் தம்பி பக்கம் திரும்பினாள். "ஸ்கூல்ல எழுதச் சொன்ன நூறுல, மீதி அம்பதை யாருப்பா எழுதிக் கொடுத்தது?"

தம்பி சட்டென்று திரும்பினான். அவன் பார்வை தங்கச்சியிடம் போய் நின்றது.

தங்கச்சி எழுந்து, மூலையில் இருந்த தன் கைப்பையைத் திறந்து, ரப்பர் பட்டை போட்ட நோட்டுக் கட்டை மேசை மேல் வைத்தாள்.

"எண்ணிக்கோங்க. ஒரு நோட்டைக்கூடத் தொடல. கவரை ஈரம் பண்ணிப் பிரிக்கலாம்னு பார்த்தேன், மை கலைஞ்சு எழுத்தே தெரியாமப் போச்சு. வேற கவர் எடுத்து அண்ணன் மாதிரி எழுதினேன். கை தானா மகளேன்னு எழுதிடுச்சு."

"ஏன்டி?" அக்காவின் குரல் கிறீச்சிட்டது. "உனக்கு நான் என்னடி குறை வச்சேன்?"

"ஆறு மாசம் முன்னாடி சொந்தமா ஒரு தையல் மிஷின் வாங்க அண்ணன்கிட்ட இருபதாயிரம் கேட்டேன். கையில இல்லேன்னுச்சு. ஒரு வயசுப் பாப்பாவுக்கு அம்பது! சரி, அதைக்கூட முழுங்கிட்டேன். மண்டபத்துல நீ சொன்னியே, புள்ளைக் காசைத் தொட்டா திருட்டுன்னு..." அவள் அக்காவை நேராகப் பார்த்தாள். "எனக்கு ஒரு டப்பா இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? பிஸ்கட் டப்பா. பிறந்தநாளுக்கு வந்தது, பரிசுக்கு வந்தது எல்லாம் அதுலதான் போடுவேன். உனக்குக் காலேஜ் முதல் ஃபீஸ் கட்டணும்னு அப்பா அதை மொத்தமா எடுத்துட்டார். எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. திருப்பித் தர்றேன்னார். யாரும் தரல. எனக்குப் படிப்பும் பத்தோட நின்னுச்சு."

"எனக்கு... தெரியாதுடி."

"தெரியாது. நீ கேட்டதே இல்லையே. இப்போ உன் பொண்ணுக்கு வர்ற பத்து ரூபாயக்கூட நீ பத்திரம் பண்றப்போ, எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வருதுக்கா. கையில தூக்கி வச்சுக் கொஞ்சுற குழந்தை மேலயே பொறாமை. சொல்லவே நாக்கு கூசுது."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி கதவை விட்டு நகர்ந்து வந்து, "உண்மையிலேயே அப்போ என் கையில இல்லம்மா," என்று முணுமுணுத்தான். தங்கச்சி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா ஜன்னலை விட்டு மேசையருகே வந்தாள். பிறகு கேட்டாள்: "எவ்வளவு இருந்துச்சு அந்த டப்பாவுல?"

"ஆறாயிரத்து முந்நூத்தம்பது." தயங்காமல் வந்தது பதில்.

"மேடம், அதை அன்னைக்கே அவ பேர்ல டெபாசிட்ல போட்டிருந்தா இன்னைக்கு எவ்வளவு ஆகியிருக்கும்?"

மேடம் கணவரைப் பார்த்தாள். வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய பாடம்.

"எட்டு சதவீத வட்டின்னு வச்சுப்போம். ஒன்பது வருஷத்துல காசு இரட்டிப்பாகும். பதினெட்டு வருஷத்துல அந்த இரட்டிப்பு இன்னொரு தடவை இரட்டிக்கும். ஆக, நாலு மடங்கு. இருபத்தஞ்சாயிரத்து நானூறு." தங்கச்சி பக்கம் திரும்பினார். "மிஷின் வாங்க அது தாராளமாப் போதும்மா."

அக்கா தன் கைபேசியை எடுத்து ஏதோ அழுத்தினாள். தங்கச்சியின் பையில் மணிச் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று சொல்வாள், அழுவாள், இருவரும் கட்டிக்கொள்வார்கள் என்று வாத்தியார் எதிர்பார்த்தார். அவள் கைபேசியை எடுத்து, வந்திருந்த தொகையை ஒரு முறைக்கு இரு முறை படித்தாள். "சரியா இருக்கு," என்றாள்.

"உன் காசைக் கொடுத்துட்டேன்," என்றாள் அக்கா. "மன்னிப்பு இன்னும் கொடுக்கல. அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"எனக்கும் ஆகும்," என்றாள் தங்கச்சி.

அதற்கு மேல் அங்கே இருப்பது சரியில்லை என்று பட்டது. மேடமும் வாத்தியாரும் எழுந்தார்கள். தம்பி நோட்டுக் கட்டை எடுத்து அக்காவின் கையில் வைப்பதும், அவள் அதை வாங்கிக்கொண்டு, "மெசேஜ்ல சொன்னதை மனசுல வச்சுக்காதடா," என்பதும் கதவைச் சாத்தும்போது காதில் விழுந்தது.

படியில் இறங்கும்போது வாத்தியார் தன்னையே நொந்துகொண்டார். மகள், மருமகள்; தமிழ் தெரிந்த குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேடம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வலி.

"நான் யாரு எடுத்தான்னு மட்டும்தான் சொன்னேன்," என்றாள். "அந்த நாலு மடங்குக் கணக்கை நீங்க சொல்லலேன்னா, அந்த வீட்டுல சண்டை இன்னைக்கு முடிஞ்சிருக்காது."

வாத்தியாருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் குனிந்து, "என்ன சொன்னே?" என்றார்.