கரும்பலகையில் பதினேழு நிமிடம்

மழை பிடித்த வேகத்தில் ஒடிக்பா தெரு மொத்தமும் ஓடியது. சார்ஜர் விற்பவன் சார்ஜர் மாலைகளோடு, திரை மாற்றுபவன் திரைகளோடு, அகாரா என்னும் பயறு வடை சுடும் ரிசியம்மா எண்ணெய்ச் சட்டியோடு... ஒருத்தன் மட்டும் ஓட முடியாமல் ஓடிவந்தான். தோளில் கனமான பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று. அவன் சட்டை அவன் மேல் இல்லை, பெட்டி மேல் போர்த்தியிருந்தது. பனியனோடு நேராக வந்து இபிசோவின் தார்ப்பாய்க்குள் நுழைந்தான்.

தான் நனைந்தாலும் பெட்டி நனையக் கூடாதாம்... யாருடா இவன் என்று அவள் நிமிர்ந்தாள். அவனும் திரும்பினான். இமையில் தண்ணீர் சொட்ட, அதற்குப் பின்னால் இரண்டு கண்கள். கோபமான கண்கள். கோபத்தில் இருக்கும் கண் இத்தனை அழகாகவா இருக்கும்... அநியாயமாக இல்லையா இது?

நல்லவேளை, கோபம் அவள் மேல் இல்லை. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகை மேல்.

லாகோஸில் பழைய கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான். எந்தச் சிப் எவ்வளவு வேகம் என்று அதில் எழுதியிருக்கும். கணக்கு எளிது. மூன்று நிமிடக் கல்யாண வீடியோ ஒன்றை, ஒரே துணியில் தைத்துப் போட்டு முப்பது பெண்கள் ஆடுகிற வீடியோவை, அந்த இயந்திரம் எத்தனை நிமிடத்தில் தயாரித்துத் தருகிறது... அவ்வளவுதான். பலகையில் எண் குறைந்தால் தெருவில் மவுசு ஏறும். இரண்டு வருடமாக இபிசோ பிழைப்பதே அந்தப் பலகையின் நாணயத்தை வைத்துத்தான்.

"இதை எழுதுறது யாருன்னு தெரியுமா மேடம்?" என்றான் அவன்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும். எனக்குத் தெரியும், தடிக் கண்ணாடி போட்ட கிழவன். சொட்டைத் தலை. வீட்ல சோறு போட மாட்டாங்க போல... அந்தக் கடுப்பை என் ஜியான் சிப்பு மேல காட்டியிருக்கான்."

இபிசோ உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். "பாவம், சொட்டையாவே இருந்துட்டுப் போகட்டும். அப்படி என்ன எழுதிட்டான்?"

"நீங்களே பாருங்க. முதல் இடத்துல யாரு? ஐ-த்ரீ. ஆபீஸ்ல லெட்டர் அடிக்கிற சாதாரணச் சிப்பு. உள்ளே வேலை பாக்குற கோர் ரெண்டே பேர். பதினாலு நிமிஷமாம். என்னோடது ஜியான். பேங்க் ஒண்ணுல ராத்திரி பகலா உழைச்ச ஒர்க்ஸ்டேஷன் மேடம், உள்ளே எட்டுப் பேர்... பதினேழு நிமிஷமாம். ரெண்டு பேர் தூக்குற மூட்டையை எட்டுப் பேர் தூக்க முடியலையாம். நம்புற மாதிரியா இருக்கு?"

"எட்டுப் பேரும் சோம்பேறியா இருந்தா?"

"என் ஆளுங்களா சோம்பேறி?"

"கோவப்படாதீங்க... பாத்தவங்க சொல்றாங்க."

அப்போது சாரல் திரும்பியடித்தது. பலகையின் நடுவரி கரைந்து வழிந்தது. சரியாக அவனுடைய ஜியான் வரி. அவன் இரண்டு கையையும் தூக்கினான்.

"பாத்தீங்களா... மேலே இருக்கிறவனே தீர்ப்பு சொல்லிட்டான்."

இபிசோ தலைத்துணிக்குள் விரலை விட்டுச் சாக்பீசை எடுத்தாள். ஈரத்தைத் துடைத்துவிட்டு அதே இடத்தில், அதே அழுத்தத்தில் எழுதினாள். பதினேழு.

அவன் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"கிழவன் நான்தான்" என்றாள். "சொட்டையைத் துணிக்குள்ள மறைச்சு வச்சிருக்கேன்."

அடடா, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே... அசடு வழிவது என்றால் அதுதான். ஆனாலும் ஆள் லேசில் விடுகிறவன் இல்லை. ஒரே நிமிடத்தில் சமாளித்துக்கொண்டு, தன் பெயர் ஃபோலாரின் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டுவிட்டு, அதே மூச்சில் கேட்டான். "அளக்கும்போது மூடியைத் திறந்து பாத்தீங்களா?"

"திறக்க மாட்டேன். துடைக்க மாட்டேன். எழுதின எண்ணை அழிக்க மாட்டேன். வாங்குறவங்க எப்படித் தூக்கிட்டுப் போறாங்களோ அப்படியே அளப்பேன். அதான் இந்தப் பலகையோட சட்டம்."

"சிப்புக்கு மேல ஒரு பசை தடவியிருப்பாங்க இல்ல, சூட்டை வெளியே கடத்த... என் பெட்டி மூணு மாசம் கப்பல்ல வந்துச்சு. பசை காஞ்சு அப்பளம் ஆயிருக்கும். சூடு தாங்காம சிப்பு தானாவே மெதுவா ஓடும். காய்ச்சல்காரனைப் பந்தயத்துல ஓட விட்டுட்டீங்க மேடம்."

"காய்ச்சலோட விக்க வந்தது யாரு? நானா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு, குரல் தாழ்ந்தது. பேங்க் வேலையை விட்டுவிட்டு அண்ணனோடு சேர்ந்து நாற்பது பெட்டி இறக்கியிருக்கிறான். அண்ணன் அளக்கக் கொடுத்த பெட்டிக்குப் பலகையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் தொடவில்லை. சனிக்கிழமைக்குள் விற்காவிட்டால் நாற்பதையும் செம்புக்காக உடைக்கிறவர்களிடம் தள்ளிவிடப்போவதாக அண்ணன் சொல்லிவிட்டாராம்.

"நல்ல மெஷினுங்க" என்றான். "உடைக்கிறதைப் பாக்க எனக்கு மனசு வராது."

இபிசோ, தார்ப்பாயின் மறுமுனையில் ஒதுங்கியிருந்த ரிசியம்மாவிடம் சூடாக அகாரா வாங்கி அவன் பக்கம் காகிதத்தை நீட்டினாள். ஒரே உருண்டைக்கு இரண்டு கையும் போய், விரல் பட்டு, இரண்டும் பின்வாங்கி... கடைசியில் அந்த உருண்டையை யாருமே எடுக்கவில்லை.

"தம்பி" என்று ரிசியம்மா கூப்பிட்டாள். "மழை விட்டு எவ்வளவு நேரமாச்சு, நீ இன்னும் ஒதுங்கியே நிக்கிறியே."

"அப்படியா, கவனிக்கலையே..." என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். இபிசோ அவன் முதுகு மறையும்வரை பார்த்தாள்.

"பொண்ணே, வாயை மூடு. ஈ நுழைஞ்சிடும்" என்றாள் ரிசியம்மா.

செவ்வாய்க்கிழமை திருப்புளி கடன் கேட்டு வந்தான். புதன்கிழமை திருப்பிக் கொடுக்க வந்தான். அதே புதன்கிழமை சாயங்காலம், வேறு திருப்புளியைக் கொடுத்துவிட்டேனோ என்று சந்தேகம் தீர்க்க வந்தான். அவன் தலை தெருமுனையில் தெரிந்தாலே அவள் நெஞ்சு படபடத்தது. ஐயோ, இருபத்தாறு வயதில் இதென்ன பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி...

சந்தைக்குக் கண் இல்லையா, காது இல்லையா? சார்ஜர் விற்கும் கமோரு வியாழக்கிழமை காலையில் சத்தமாகவே கேட்டான். "என்ன இபிசோ, பலகை ரொம்பச் சிரிக்குது? ஜியானுக்கு எப்போ பத்து நிமிஷம் ஆகப்போகுது?"

சுருக்கென்று தைத்தது. அவள் சிரித்த சிரிப்பையெல்லாம் ஊர் எண்ணி வைத்திருக்கிறது. இனிமேல் அந்த எண்ணில் ஒரு கோடு மாறினாலும் இரண்டு வருட நாணயம் காற்றில் போய்விடும்.

மத்தியானம் ஃபோலாரின் வந்தான். "ஒரே ஒரு தடவை திறந்து அளந்து பாருங்களேன்... நாளன்னைக்கு சனிக்கிழமை."

"இதுக்குத்தான் மூணு நாளா திருப்புளியா?" அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "என்னைப் பாத்துச் சிரிச்சீங்களா... எண்ணைப் பாத்துச் சிரிச்சீங்களா?"

அவன் முகம் இறுகியது.

"எண்ணை நீங்களே வச்சுக்கோங்க" என்றான். "அதுக்காக நான் ஒரு தடவைகூடச் சிரிச்சதில்ல."

போய்விட்டான்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெரிய நியாயஸ்தன்... பசை காய்ந்துவிட்டதாம். எல்லாமே பழைய சாமான், எல்லாமே கடல் தாண்டி வந்ததுதானே? முதல் இடத்தில் இருக்கும் ஐ-த்ரீக்கும் காய்ந்துதானே இருக்கும்? நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று, அளந்து வைத்திருந்த அந்த ஐ-த்ரீ பெட்டியை இழுத்து, தன் சட்டத்தைத் தானே உடைத்து, மூடியைத் திறந்தாள்.

விசிறியில் ஒரு துளி தூசி இல்லை. சிப்பின் மேல் பசை புத்தம் புதிதாக, விரலில் ஒட்டியது.

அந்தப் பெட்டி டோன்யே மாமாவின் கடையிலிருந்து வந்தது. போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தவளுக்குத் தன் கடைவாசலில் மேசை போட இடம் கொடுத்த மாமா.

"மாமா, பலகைக்குக் கொடுத்த பெட்டியைத் திறந்தீங்களா?"

"திறக்காம? ஊரே பாக்கப்போற பெட்டியாச்சே. குளிப்பாட்டி, பவுடர் போட்டுத்தான் அனுப்பினேன்" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

"அடுத்தவன் பெட்டி முகம்கூடக் கழுவாம பக்கத்துல நின்னுச்சே மாமா..."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இப்போ அழிச்சா என்ன ஆகும்னு யோசிச்சியா? அந்தப் பையன் மேல ஆசைப்பட்டு மாமன் வயித்துல அடிச்சுட்டாள்னு பேசுவாங்க. ஒரு தடவை அழிச்ச பலகையை யாரும்மா நம்புவா? பேசாம விடு."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அவளை வாட்டியது. அழித்தால் பெயர் போகும். அழிக்காவிட்டால் பெயர் இருக்கும், பொய்யாக இருக்கும்... நாற்பது நல்ல இயந்திரங்கள் உடைபடும். அவனும் திரும்பி வரவே மாட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஃபோலாரின் கடை வாசலில் போய் நின்றாள். அவன் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பெட்டி கொடுங்க. சட்டத்தை மாத்தப்போறேன்."

"எதுக்காக?"

"உங்களுக்காக இல்ல. சும்மா கொடுங்க."

தெரு நடுவே மேசைகள் போட்டாள். மாமா ஏற்கெனவே கொடுத்த ஐ-த்ரீயோடு, அவர் கிடங்கிலிருந்து மூடி திறக்காத ஒன்றும் வந்தது. அழுக்கோடு ஒரு ஜோடி, குளித்த பிறகு ஒரு ஜோடி. திரை மாற்றுபவன் திறந்தான், துடைத்தான், பசை தடவினான். நேரம் பார்க்கச் செல்போன் ரிசியம்மா கையில். இபிசோ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றாள்.

தெருவே கூடிவிட்டது. ஜெனரேட்டர்கள் இரைந்தன. முப்பது பெண்களும் திரையில் ஆட ஆரம்பித்தார்கள்.

அழுக்கு ஐ-த்ரீ, பதினெட்டு நிமிடம். அழுக்கு ஜியான், அதே பதினேழு. அப்புறம் குளித்த ஜோடி... ஐ-த்ரீ பாதி தூரம்கூட வரவில்லை, ரிசியம்மா கரண்டியால் சட்டியைத் தட்டினாள்.

"ஆறு நிமிஷம். ஜியான் முடிச்சுடுச்சு."

தெரு ஓவென்று கத்தியது. ஃபோலாரின் அசையவே இல்லை. அவன் கண் இயந்திரத்தின் மேல் இல்லை.

இபிசோ துணியை எடுத்துப் பழைய எண்களை அழித்தாள். அழுக்குக்கு ஓர் எண், குளித்ததற்கு ஓர் எண் என்று இரண்டு வரிசையாக எழுதினாள். கீழே சேர்த்தாள். 'கல்யாண வீடியோவுக்கு ஜியான். திரையில் படம் காட்ட அதற்குத் தனி கிராபிக்ஸ் அட்டை வேண்டும். லெட்டர் அடிக்க ஐ-த்ரீ போதும், மின்சாரமும் குறைவு, சின்ன ஜெனரேட்டரே தாங்கும்.'

டோன்யே மாமா தொண்டையைக் கனைத்தார். "அந்தச் சின்ன ஜெனரேட்டர் வரியைக் கொஞ்சம் பெருசா எழுது."

அபேயோகுட்டாவிலிருந்து வந்திருந்த வீடியோக்காரர் ஒருவர் ஃபோலாரின் தோளைத் தொட்டு, "எத்தனை பெட்டி இருக்கு?" என்று கேட்டார். அதற்குள் கமோருவுக்கு வாய் அரித்தது.

"எல்லாம் சரி இபிசோ. ரெண்டு வருஷமா உன் கையால அளந்தே. இன்னைக்கு மட்டும் ஏன் கையைக் கட்டிக்கிட்டே?"

இதைத்தான் எல்லோரும் கேட்க நினைத்தார்கள்.

அவள் திரும்பி, பலகையின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் மெதுவாக எழுதினாள்.

'ஃபோலாரின் கடைப் பெட்டிகளை இனி நான் அளக்க மாட்டேன். எனக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கிறது.'

ரிசியம்மாவுக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. பக்கத்தில் நின்றவள் படித்துச் சொல்ல, "இதைச் சொல்ல இந்தப் பொண்ணுக்கு நாலு நாளா?" என்றாள்.

வீடியோக்காரரை அப்படியே விட்டுவிட்டு ஃபோலாரின் பலகைக்கு முன்னால் வந்து நின்றான். ஒரு தடவை படித்தான். மறுபடியும் படித்தான். அந்தக் கண்களில் இப்போது கோபம் இல்லை... நனைந்திருந்தன, மழையே இல்லாமல்.

"திங்கக்கிழமை மழை எப்போ விட்டுச்சுன்னு எனக்குத் தெரியும் இபிசோ" என்றான். "தெரிஞ்சுதான் நின்னேன்."

அவளால் நிமிர முடியவில்லை.

"இந்தக் கடைசி வரி..." அவன் அதை விரலால் காட்டினான். "இதை அழிச்சிட மாட்டியே?"

"நான் எழுதினதை அழிக்கிறது இல்ல."

"இப்போதானே ரெண்டு எண்ணை அழிச்சே?"

"அது தப்பா இருந்துச்சு" என்றாள் இபிசோ.