மூன்றாம் நம்பர் வயர்

டிவியில் நான்கு கட்டங்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்: வாசல், கார் ஷெட், பின்கதவு, மொட்டை மாடி. அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு, மழை பிடித்த கொஞ்ச நேரத்தில், வாசல் கட்டம் மட்டும் கறுத்துப்போய் ‘வீடியோ இல்லை’ என்று காட்டியது. வேறு யார் வீடாக இருந்தாலும் டிவிக்குப் பக்கத்துக் கேமராப் பெட்டியை ஒரு தட்டு தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அக்கா உடனே கேமராக்காரருக்குப் போன் போட்டாள்.

கேமரா மாட்டியதே பொடிசுக்காகத்தான். பொடிசு அவள் தங்கை. இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அந்தப் பெயர் போகவில்லை. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் புருஷன் போன மாதம் ஸ்பானரால் அடித்து அவள் தோள் எலும்பை உடைத்தான். உடுத்திய துணியோடு ஓடிவந்தவளுக்கு அதன்பிறகு அவனிடமிருந்து வந்தது ஒரே ஒரு செய்தி: ‘உங்க அக்கா வீட்டுலயே முடிச்சிடுறேன்.’ இதையெல்லாம் கேட்ட பிறகும் சொந்தக்காரர்கள் அவனை மாப்பிள்ளை என்றுதான் சொன்னார்கள், வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

அக்காவும் தங்கையும் ஒத்திகையே பார்த்து வைத்திருந்தார்கள். அவன் வாசலில் வந்தால் பொடிசு பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும்; பின்னால் வந்தால் வாசல் வழியாகத் தெருவுக்கு. டிவியைப் பார்த்துச் சொல்வது அக்கா. சொன்னதும் ஓடுவது பொடிசு, ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது.

“எலி கடிச்சிருக்கும் மேடம்,” என்றார் கேமராக்காரர் போனில். “உங்க வீட்டு எலிக்கு வயர்னா அவ்ளோ ருசி போல.”

“விளையாடாதீங்கண்ணே. எனக்குப் பயமா இருக்கு.”

“சரி, ஒரு டெஸ்ட் பண்ணிடுவோம். பாக்ஸுக்குப் பின்னாடி வயர்ல எல்லாம் நம்பர் ஒட்டியிருக்கேன். மூணாம் நம்பரைக் கழட்டி ஒண்ணாவது ஓட்டையில மாட்டுங்க. படம் வந்துட்டா பாக்ஸ் நல்லாருக்கு, வெளிய வயர்தான் போச்சுன்னு அர்த்தம்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அவள் முழங்காலிட்டுப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள். சூடான பிளாஸ்டிக் வாடையும் ஒட்டடையும் முகத்தில் அடித்தன. மூன்றாம் நம்பர், பின்கதவு கேமராவின் வயர். அதைத் திருகிக் கழற்றி, முதல் துளையில் இருந்த வாசல் வயரை எடுத்துவிட்டு அங்கே மாட்டி, மவுஸால் முதல் கட்டத்தை இரண்டு முறை தட்டிப் பெரிதாக்கினாள். டிவி முழுக்க மழையில் நனையும் சிமெண்ட் தரை வந்தது. எந்த வயரை மாட்டினாலும் பெட்டிக்குத் தெரிந்தது துளையின் பெயர்தான். படத்தின் மூலையில் ‘வாசல்’ என்றே எழுதியிருந்தது.

“வந்துடுச்சுண்ணே.”

“அப்போ வெளிய வயர்தான். நான் வந்து பாக்குறேன். இருங்க மேடம், ஏணி மேல நிக்கிறேன், இறங்கிட்டுப் பேசுறேன்.”

வயரைப் பழைய இடத்தில் மாட்ட அவள் மறுபடி குனிந்தபோது, வாசல் கதவில் ஏதோ உரசியது.

மழை ஷீட்டில் விழும் இரைச்சலுக்கு அடியில், யாரோ உள்ளங்கையால் கதவுப் பலகையை மேலிருந்து கீழே மெல்லத் தடவிக்கொண்டே போவது போல அந்தச் சத்தம் கேட்டது, நின்றது, தாழ்ப்பாள் உயரத்தில் மறுபடி கேட்டது. அவள் பூனை போல நடந்துபோய் இரண்டு தாழ்ப்பாளையும் தொட்டுப் பார்த்தாள். கதவிடுக்கில் ஈரக்காற்று வந்தது. அதில் கிரீஸ் வாடை. பொடிசு கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறை வீட்டுக்கு வந்தபோதும் அவள் துணியில் இருந்த வாடை. எலியும் இல்லை, மண்ணும் இல்லை. அவனே வந்து வெட்டியிருக்கிறான்.

காதைக் கதவில் வைத்தாள். மழை மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று நிமிடம் அப்படியே நின்றாள்.

திரும்பினாள். டிவி நிறைய அவன் முகம்.

கேமராவுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்துக்கு மேலே, ‘வாசல்’.

அவள் அடுத்த அறைக்கு ஓடினாள்.

“முன்னால நிக்கிறான். ஓடு!”

தோளுக்குப் போட்ட தூளித் துணியில் கையைத் தொங்கவிட்டுப் படுத்திருந்த பொடிசு எழுந்தாள். ஒத்திகை பார்த்தபடி செருப்பைத் தேடவில்லை.

“நீ வரலையாக்கா?”

“நான் கதவைப் பிடிச்சுக்கிறேன். போடி, போ!”

சோபாவை இழுத்தாள். நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வாசல் கதவில் போய் முட்டியது. முதுகை அதில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். சமையலறைப் பக்கம் பின்கதவுத் தாழ்ப்பாள் விலகியது. நல்ல பிள்ளை. அதிகச் சத்தமில்லாமல் விலக்கினாள்.

அலமாரியில் போன் பேசியது.

“மேடம்? இறங்கிட்டேன். அந்த மூணாம் நம்பர் வயரைப் பழையபடி மாட்டிட்டீங்கல்ல?”

அக்கா டிவியைப் பார்த்தாள்.

சிமெண்ட் தரை. மழை. திறந்துகொண்டிருக்கும் பின்கதவு. வெறுங்கால் ஒன்று வெளியே வந்தது.

“பொடிசு! திரும்பு! உள்ள வா!”

பொடிசு திரும்பினாள். அக்கா கூப்பிட்டதால் நின்றாள். நின்று, வீட்டுக்குள் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கை உயர்ந்தது.

டிவியில் சத்தம் கிடையாது. சத்தம் சமையலறையிலிருந்து வந்தது.

ஒரு முறை. பொடிசு வாசற்படியில் முழங்காலிட்டாள். மறுபடி. கட்டுப்போட்ட கை தூளியிலிருந்து விடுபட்டு நீண்டது. மறுபடி. மறுபடி. தேங்காய் உடைக்கும் சத்தம் நின்று, ஈரத்துணியை அடிக்கும் சத்தம் ஆனது. அப்போதும் அவன் நிறுத்தவில்லை. அக்கா எழப் பார்த்தாள். கால் இல்லை. அவளுக்குக் காலே இல்லை.

“மேடம்? என்ன சத்தம் அது? மேடம்?”

கடைசியில் அவன் நிமிர்ந்தான். மூச்சு வாங்கினான். ஸ்பானரை மழையில் நீட்டிக் கழுவினான், இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி. பிறகு கீழே கிடந்தவளைத் தாண்டி, கதவுக்குள் குனிந்து, படத்தை விட்டுப் போனான்.

சமையலறையில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால் சோபா, அதற்குப் பின்னால் இரண்டு தாழ்ப்பாள். டிவியில் மழை பெய்துகொண்டிருந்தது. வாசற்படியின் மேல் பொடிசின் விரல்கள் வீட்டுப் பக்கமாக, ஒவ்வொன்றாக, இன்னும் நகர்ந்துகொண்டிருந்தன.