மூன்றாவது பங்கு

புதுக் கணினி வந்த அன்றே வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது.

கணினியைப் பொருத்த வந்த அக்கா, திரையில் நீளமான ஒரு பட்டையைக் காட்டினார். "இதுதான் ஹார்ட் டிஸ்க்ல இருக்கற இடம். முதல் பாகம் கணினிக்கே வேணும். மீதி யாருக்கெல்லாம்?"

"எங்க ரெண்டு பேருக்கும்," என்றான் அண்ணன். பக்கத்தில் நின்ற தங்கையும் தலையாட்டினாள். அவளுக்கு வயது பத்து. ஆள் சிறிசு, காரம் பெரிசு என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'கடுகு'.

அண்ணன் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "ஆயிரம் ஜிபின்னு போட்டிருக்கு. இங்க தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதான் காட்டுது. கடையில ஏமாத்திட்டாங்கக்கா."

"யாரும் ஏமாத்தல தம்பி. ஒரே வாளித் தண்ணிய சின்ன டம்ளர்ல அளந்தா எண்ணிக்கை கூடும், பெரிய டம்ளர்ல அளந்தா குறையும். தண்ணி அதேதான். கணினிக்குக் கொஞ்சம் பெரிய டம்ளர்."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து அக்கா கேட்டார். "உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

"எனக்கு எதுக்கு? போன் இருக்கே. பிள்ளைங்களே வச்சுக்கட்டும்."

அண்ணனுக்கு 'டி' என்ற பாகம், அதை அடுத்து கடுகுக்கு 'இ' என்ற பாகம். ஆளுக்கு முந்நூற்றைம்பது. அக்கா போன பிறகு அண்ணன் ஸ்கேலை எடுத்துத் திரையில் இரண்டு பட்டைகளையும் அளந்தான். இரண்டும் ஒரே நீளம் என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட வந்தான்.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு மாலை கடுகு உள்ளே வந்தபோது அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கடுகு எட்டிப் பார்த்தாள். வீடியோவில் ஒரு குழந்தை மூன்று அடி நடந்து, அண்ணன் மேல் பொத்தென்று விழுந்தது. அது கடுகுதான்.

அம்மா அதைக் கடைசி வரை பார்த்தார். பிறகு அழித்துவிட்டார்.

"ஏம்மா அழிச்ச?"

"போன்ல இடம் இல்ல கண்ணு. ஆறு மணிக்குப் பாடம் வந்துடும்."

காது கேட்காத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியர் ஆவதற்காக அம்மா சைகை மொழி கற்றுவந்தார். தினமும் ஒரு பாடம் வீடியோவாக வரும். இடம் இல்லாமல் முந்தின நாள் பாடம் பாதியிலேயே நின்றுவிட்டது. பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"அதுக்காக என் வீடியோவையா?"

"நீ நடந்தது என் மனசுல இருக்குடி. பாடம்தான் மனசுல நிக்க மாட்டேங்குது."

கடுகு போனை வாங்கி, அழித்தவை கிடக்கும் தொட்டியைத் திறந்தாள். நாற்பத்தொரு வீடியோக்கள் இருந்தன. அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். காலி செய்தால் பிறகு எதுவும் திரும்பி வராது.

தன் முந்நூற்றைம்பதில் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். அவள் வரைந்த பதினோரு பூனைப் படங்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆறு மணி வரைக்கும் போன் என்கிட்ட இருக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டுப் போனோடு ஓடினாள். மணி நாலரை.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் விளையாட்டை நிறுத்தினான். "அம்மா வேண்டாம்னு சொன்னாங்க. நாமளும் சரின்னு விட்டுட்டோம்," என்றான். "நான் நூத்தம்பது தரேன். நீயும் நூத்தம்பது தா. கணக்கு சரியா இருக்கும்."

கணினி அக்காவுக்குப் போன் செய்தார்கள்.

"நல்ல யோசனைதான்," என்றார் அக்கா. "ஆனா அடுத்தடுத்து இருக்கற இடந்தான் ஒண்ணா சேரும். தம்பி விடற இடம் டிக்குப் பின்னாடி. பாப்பா விடற இடம் இக்குப் பின்னாடி. நடுவுல இ குறுக்க உக்காந்திருக்கு. அம்மாவுக்கு இங்க ஒரு துண்டு, அங்க ஒரு துண்டுன்னுதான் கிடைக்கும்."

கடுகு பட்டையையே பார்த்தாள். குறுக்கே உட்கார்ந்திருப்பது அவளுடையதுதான்.

"இ மொத்தத்தையும் எடுத்துட்டா?"

"எல்லாம் ஒண்ணாயிடும். ஆனா அதுல இருக்கறது போயிடும். உனக்குன்னு தனியா இடமும் இருக்காது."

"பரவால்லக்கா."

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "முதல்ல உன் பூனைங்களை என் டிக்கு மாத்து," என்றான். "வாடகை வேண்டாம்."

பூனைகள் குடிபெயர்ந்தன. அழிப்பதற்கு முன் கடுகு எழுத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். "இ. டி இல்ல. இ." அழுத்தினாள்.

அண்ணன் டியிலிருந்து விட்ட நூற்றைம்பதும் சேர்ந்து பட்டையில் ஐந்நூறு ஜிபி வெறுமையாகத் திறந்து கிடந்தது. அக்கா சொல்லச் சொல்ல, அதை ஒரே பாகமாக ஆக்கி, 'அம்மா' என்று பெயர் வைத்தார்கள். தொட்டியில் கிடந்த வீடியோக்களை மீட்டு, ஒயர் மாட்டி ஒவ்வொன்றாகக் கணினிக்கு ஏற்றினார்கள். நாற்பத்தொன்றும் வந்துவிட்டதா என்று அண்ணன் எண்ணிப் பார்த்த பிறகுதான் போனில் இருந்ததை நீக்கினார்கள்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா வந்து திரையைப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார். பிறகு பட்டை முழுவதும் தேடினார்.

"உன்னோடது எங்கடி?"

"எடுத்துட்டேன். பூனைங்களை அண்ணன்கிட்டேர்ந்து கொண்டுவந்து உன் இடத்துலயே ஒரு ஓரமா இருந்துக்கறேன். பூனைப் படம் மட்டுந்தான். ரொம்ப இடம் பிடிக்காது."

அம்மா கடுகை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணுக்கு அந்த மடி கொஞ்சம் சிறியதுதான். இருந்தாலும் இருவரும் நகரவில்லை.

ஆறு மணிக்குப் பாடம் வந்தது. இந்த முறை அது முழுதாக இறங்கியது.